கொலுப் படியும் கீரைப் பாத்தியும்

புரட்டாசி பிறந்து, பரணிலிருந்து கொலுப் பெட்டியை இறக்கும் நாளில், பொம்மைகளைத் துடைப்பதற்கு முன்னால் என் கை விதை டப்பாவைத்தான் தேடும். "முதல்லே மரப்பாச்சியை எடும்மா. முள்ளங்கி விதை எங்கேயும் ஓடிப் போயிடாது" என்று என் பெண் இன்றைக்கும் கேலி செய்கிறாள். செய்யட்டும். அவளைப் பெற்றெடுத்த வருஷம்தான் எனக்கு இந்தப் பழக்கம் வந்தது. பொழுது போகாமல் வந்த பழக்கம் இல்லை இது. உடம்பில் ரத்தம் இல்லாமல் நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்த நாட்களில் வந்தது.

1982-ம் வருஷம் மே மாதம் என் கணவருக்கு டில்லிக்கு மாற்றலாயிற்று. பாபநாசம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்து, கும்பகோணத்துக்குப் போய் வருவதையே பிரயாணம் என்று நினைத்தவள் நான். சரோஜினி நகரில் சர்க்கார் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. மாடியும் கீழுமாக வரிசை வீடுகள். எங்களுக்குக் கீழ் வீடு. பின்பக்கம் இருபதடிக்குப் பதினாலடி வெறும் மண் தரை, சுற்றிலும் ஆறடிச் சுவர், மூலையில் ஒரு குழாய். அதைப் பார்த்ததும் எனக்கு டில்லி பாதி பிடித்துவிட்டது. (அந்த வரிசை வீடுகளை இடித்தாயிற்று என்று பழைய சிநேகிதி ஒருத்தி சொன்னாள். அன்றைக்கு எனக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை.)

ஆடியில் வெண்டையும் புடலையும் போட்டேன். மழையும் பெய்தது, காய்த்துத் தள்ளியது. 'நம் ஊர் மாதிரிதான் போலிருக்கிறது' என்று தலைகால் புரியவில்லை எனக்கு. பிறகு குளிர்காலக் காய்கறிகளைப் பற்றி எல்லோரும் புகழ்ந்து பேசக் கேட்டேன். காரட், பட்டாணி, காலிபிளவர், பாலக்கீரை... டில்லிக் குளிரில் அதெல்லாம் அமிர்தமாக விளையுமாமே! சரி, குளிர் வரட்டும், போடலாம் என்று காத்திருந்தேன்.

அங்கேதான் தப்பு. அந்த வருஷம் நவம்பர், டிசம்பரில் டில்லியில் ஏஷியாட் விளையாட்டு நடந்தது. ஊரே அமர்க்களப்பட்டது. அது முடிந்து, ஸ்வெட்டர் போட்டும் பல் கிட்டும் அளவுக்குக் குளிர் வந்த பிறகு, மார்கழி பிறக்கும் சமயத்தில் நிதானமாக விதை போட்டேன். பட்டாணியில் பாதி மண்ணுக்குள்ளேயே அழுகிப் போயிற்று. காரட் முளைத்து இரண்டு இலை விட்டது. அப்புறம் ஒன்றரை மாதம் அப்படியே நின்றது, போட்டோவுக்கு நிற்கிற மாதிரி. மாசி பாதியில் கொஞ்சம் வெயில் வந்து வளரத் தொடங்குவதற்குள் ஹோலி வந்துவிட்டது. அதோடு சூடும் வந்துவிட்டது. பாலக்கீரை தண்டு விட்டுப் பூத்தது. முள்ளங்கியும் பூத்தது. காரட் என் சுண்டு விரலைவிட மெல்லியது.

பக்கத்து வீட்டில் ஒரு பஞ்சாபிப் பாட்டி இருந்தார். எல்லோருக்கும் அவர் 'பீஜி'. அவர் என் தோட்டத்தைச் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்து, சிரிக்காமல் ஒரு வார்த்தை சொன்னார். "மகளே, குளிர்காலக் காய் குளிரிலே முளைக்காது, குளிரிலே பழுக்கும். வெயில் இருக்கும்போதே வேர் விட்டிருக்கணும். தசராவிலே ஆரம்பி, தீபாவளிக்குள்ளே முடி." எனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில் இதைப் புரிந்துகொண்டேன். புரிந்துகொண்டு என்ன, அதற்குள் வருஷம் போய்விட்டது.

மறு வருஷம், 1983 ஆவணியில் என் பெண் பிறந்தாள். எனக்கு அம்மா இல்லை. அதனால் பிரசவத்துக்கு ஊருக்குப் போகவில்லை. என் மாமியார்தான் கிளம்பி வந்தார். நான் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். மாமனார் காலமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, கையில் ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு களைக்கொத்துமாக வந்து இறங்கினார். ரயிலில் களைக்கொத்தை எதற்கு எடுத்து வந்தார் என்று இவர் கேட்டதற்கு, "அங்கே யார்கிட்டே போயி இரவல் கேக்கறது?" என்றார்.

பிரசவம் சிக்கலில்லாமல்தான் ஆயிற்று. ஆனால் நாற்பது நாள் கழிந்தும் எனக்கு எழுந்து நிற்கத் தெம்பில்லை. மாடிப்படி நாலு ஏறினால் மூச்சு வாங்கும். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. வாய் ஓரம் வெடித்துப் புண். அத்தைக்குத் தெரியாமல் நான் அரிசியை வாயில் போட்டு மென்றுகொண்டிருப்பேன். அதுவும் சோகையின் ஓர் அடையாளம் என்று எனக்கு அப்போது தெரியாது. டாக்டரம்மா கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்து, ரத்தம் எடுத்துச் சோதிக்கச் சொன்னார். ஹீமோகுளோபின் 7.8. குழந்தை பெற்ற பெண்ணுக்கு அது 12-க்குக் குறையக் கூடாது. "இரும்புச் சத்து மாத்திரை மூணு மாசம் விடாமல் சாப்பிடணும். கீரை, காய், பேரீச்சை எல்லாம் சேர்த்துக்கோ. ஒரு மாசம் கழிச்சு வந்து காட்டு" என்றார்.

சகோதரிகளே, இது ஏதோ என் ஒருத்தியின் கதை என்று நினைக்காதீர்கள். 2019-21ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் நம் நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்குச் சோகை இருப்பதாகத் தெரிந்தது. அரசாங்கம் இரும்புச் சத்து மாத்திரை கொடுக்க ஆரம்பித்தது 1970-ல். அரை நூற்றாண்டு தாண்டியும் கதை இதுதான்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை கேட்ட முதல் கேள்வி, "கீரை இங்கே எங்கே கிடைக்கும்?" என்பதுதான். கிடைக்காமல் என்ன, வண்டியில் வரும். ஆனால் தினமும் வாங்கிக் கட்டுப்படியாக வேண்டுமே! தவிர, சாக்கடை ஓரத்தில் விளைந்ததோ என்ற சந்தேகம் வேறு. அத்தை பின்கட்டுக்குப் போய் மண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்து பார்த்தார். "நல்ல வண்டல்தான். இதை வச்சுக்கிட்டா கீரைக்கு ஆலாப் பறக்கறே?" என்றார்.

நான் பீஜி சொன்ன தசரா கணக்கைச் சொன்னேன். அத்தைக்கு அது ஏறவே இல்லை. "ஆடிப் பட்டம் தேடி விதைன்னு சும்மாவா சொன்னாங்க? புரட்டாசி கடைசியிலே போயி விதைக்கிறாளாம்! அந்தம்மா கோதுமை தின்கிறவங்க, அவங்களுக்கு என்ன தெரியும்?" என்றார். ஆனாலும் நவராத்திரிக்குக் கொலு வைத்து, பாலிகைச் சட்டியில் நவதானியம் தெளித்து, மூன்றாம் நாளே அது வெளேரென்று முளை விட்டதைப் பார்த்ததும் அவருக்கே ஏதோ தோன்றியிருக்க வேண்டும். "சட்டியிலே இந்தப் போடு போடுதுன்னா பாத்தியிலேயும் போடும்" என்று களைக்கொத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கொலுவும் விதைப்பும் ஒன்றாகவே நடந்தன.

விதைக்கு இவரைப் பூசாவுக்கு அனுப்பினேன். டில்லியில் இருக்கும் பெரிய விவசாய ஆராய்ச்சி நிலையத்தை எல்லோரும் 'பூசா' என்றுதான் சொல்வார்கள். உண்மையில் பூசா என்பது பீகாரில் இருக்கும் ஓர் ஊர். 1905-ல் அங்கே தொடங்கிய நிலையம் அது. 1934-ல் வந்த பூகம்பத்தில் கட்டடம் பாழாகி, 1936-ல் டில்லிக்குக் குடிபெயர்ந்தது. ஊரை விட்டு வந்தது, பெயரை விடவில்லை. அங்கே உண்டாக்கிய காய்கறி ரகங்களுக்கும் பூசா என்றே பெயர் வைத்தார்கள். நாங்கள் வாங்கியது பூசா கேசர் என்ற சிவப்புக் காரட், பூசா ஆல் கிரீன் என்ற பாலக்கீரை, வெந்தயக் கீரை, ஜப்பான் வெள்ளை முள்ளங்கி, ஆர்க்கெல் பட்டாணி. இதை அத்தையிடம் சொன்னபோது, "நானும் இங்கே பாபநாசத்தம்மாதானே?" என்றார். அந்தத் தெருவில் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

பாத்தியை எங்கே போடுவது என்பதில் எனக்கும் அத்தைக்கும் சின்னச் சண்டை. முதல் வருஷம் நான் தெற்குச் சுவரை ஒட்டிப் பாத்தி கட்டியிருந்தேன். குழாய் பக்கம், தண்ணீர் விடச் சௌகரியம் என்று. இந்தத் தடவை பீஜி சுவருக்கு மேலிருந்து தலையை ஆட்டினார். விஷயம் என்னவென்றால், டில்லியில் மார்கழி மாதச் சூரியன் உச்சிக்கு வருவதே இல்லை. தெற்கே சாய்ந்து தாழ்வாகவே போய்விடும். ஆறடிச் சுவருக்கு நடுப்பகலிலேயே ஏழரை அடி நிழல் விழும். நம் தஞ்சாவூர்ப் பக்கம் அதே சுவருக்கு அதே நாளில் நாலடிதான் நிழல். போன வருஷம் என் காரட் போட்டோவுக்கு நின்ற மாதிரி நின்றதற்குக் குளிர் பாதிக் காரணம். நிழல் மீதிக் காரணம். எனவே வடக்குச் சுவரை ஒட்டிப் பாத்தி எடுத்தோம். அங்கே காலை ஒன்பது மணி முதல் சாயங்காலம் வரை வெயில். சுவரும் வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரி கதகதப்பைக் கக்கும். தண்ணீர்தான் பூவாளியில் சுமக்க வேண்டியிருந்தது. அது இவர் வேலை.

கீரை விஷயம் சுலபம். பாலக்கும் வெந்தயமும் பாத்தியில் தூவி, மேலாக மண்ணைக் கிளறிவிட்டால் போதும். ஒரே நாளில் எல்லாப் பாத்தியையும் விதைக்காமல், பத்து நாளைக்கு ஒரு பாத்தி என்று தசராவில் தொடங்கி தீபாவளி வரை விதைத்தோம். முப்பதாவது நாள் முதல் பாத்தி வெட்டுக்கு வந்தது. பிடுங்கக் கூடாது, தரையிலிருந்து இரண்டு விரல் உயரம் விட்டு அறுக்க வேண்டும். மறுபடி இரண்டு மூன்று வாரத்தில் துளிர்த்து வரும். பாத்திக்கு நாலைந்து அறுப்பு எடுத்தோம். நடுவே யாரும் விதைக்காமலே ஒரு களை முளைத்தது. இலையின் அடியில் மாவு பூசின மாதிரி இருக்கும். நான் பிடுங்கி எறியப் போனேன். பீஜி "பதுவா, பதுவா!" என்று அலறினார். அதே நேரம் அத்தை, "ஏ, அது சக்கரவர்த்திக் கீரைடி, எறியாதே!" என்று அலறினார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாஷை தெரியாத இரண்டு கிழவிகளுக்கு அன்றைக்குத்தான் சிநேகிதம் ஏற்பட்டது. அப்புறம் மத்தியான வெயிலில் இரண்டு கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, இவர் தமிழிலும் அவர் பஞ்சாபியிலும் மணிக்கணக்காகப் பேசுவார்கள். என்ன பேசினார்கள் என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

காரட்டில்தான் அத்தை சறுக்கினார். அவர் கை காவிரிக்கரைக் கை. நாற்று விட்டுப் பிடுங்கி நட்டுத்தான் பழக்கம். காரட்டையும் நெருக்கமாக விதைத்து, முளைத்த பிறகு நெல் நாற்று மாதிரி பிடுங்கி வரிசை பிடித்து நட்டார். கண்ணுக்கு எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா! மூன்று மாதம் கழித்துப் பிடுங்கினால், ஒவ்வொரு காரட்டுக்கும் இரண்டு கால், மூன்று கால். ஒன்று சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. என் மூத்தவன், நாலு வயது, அதற்குக் கண் வரைந்து கொலுவில் வைக்க வேண்டும் என்று அழுதான். காரட், முள்ளங்கி, பீட்ரூட் என்று கிழங்காகப் போகிற எதிலும் ஆணி வேர்தான் காய். அதிலும் காரட்டின் நுனி வேர் பிடுங்கும்போது ஒடிந்தால் கிளை விட்டுவிடும். பச்சைச் சாணியோ கல்லோ மண்ணில் இருந்தாலும் அப்படித்தான். அதனால் ஒரு முழ ஆழத்துக்குக் கொத்திக் கல் பொறுக்கி, நன்றாக மக்கிய எருவை மட்டும் கலந்து, விதையை அந்த இடத்திலேயே போட வேண்டும். காரட் விதை முளைக்கப் பத்துப் பதினைந்து நாள் எடுக்கும். அதற்குள் பொறுமை போய்விடும். எங்கே விதைத்தோம் என்பதும் மறந்துவிடும். விதையோடு மணலும், கொஞ்சம் முள்ளங்கி விதையும் கலந்து கோடு கோடாகப் போடுங்கள். முள்ளங்கி நாலைந்து நாளில் முளைத்து வரிசையைக் காட்டும். காரட் பருக்கிற சமயத்தில் அதைச் சாம்பாருக்குப் பிடுங்கிவிடலாம்.

காலிபிளவரில் வேறு பாடம். அத்தை ஊரிலிருந்து ஒரு விதைப் பொட்டலம் கொண்டுவந்திருந்தார். நம் பக்கத்து உஷ்ணத்துக்கேற்ற முன்பருவ ரகம். அதற்கு இருபது, இருபத்தைந்து டிகிரி இருந்தாலே பூ பிடித்துவிடும். பீஜி தம் நாற்றங்காலிலிருந்து எட்டு நாற்று கொடுத்தார்; அது ஸ்னோபால், பின்பருவ ரகம். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் நட்டோம். ஊர் விதை, நட்டுச் சில வாரத்திலேயே, இலை வளர்வதற்குள் குளிரைக் கண்டு மிரண்டு, ஒரு ரூபாய்க் காசு அளவில் பூ வைத்தது. அப்படியே நின்றும் விட்டது. பீஜியின் நாற்றோ மார்கழி முழுக்க வெறும் இலையாக வளர்ந்துகொண்டே போயிற்று. "இது காய்க்கிற ஜாதியா, வெறும் தழைதானா?" என்று அத்தைக்குச் சந்தேகம். தை கடைசியில் உள்ளே எட்டிப் பார்த்தால், தாம்பாளம் மாதிரி ஒரு பூ! இலைகளை மேலே கூட்டி வாழை நாரால் கட்டலாம் என்றால் டில்லியில் வாழை நாருக்கு எங்கே போவது? பழைய ரிப்பனால் கட்டினோம். அப்படிக் கட்டினால் வெயில் படாமல் பூ மஞ்சளாகாமல் வெளுப்பாக இருக்கும். எட்டும் எட்டு வீட்டுக்குப் போயின. ஆக, காலிபிளவர் விதை வாங்கும்போது கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'முன்பருவமா, பின்பருவமா?' என்பதுதான்.

இப்போது என் முட்டாள்தனத்துக்கு வருகிறேன். இரும்பு மாத்திரை சாப்பிட ஆரம்பித்ததும் எனக்கு வயிறு பிடித்துக்கொண்டது. மலம் கறுத்துப் போயிற்று; பயந்து போனேன். ஐப்பசிக் கடைசியில் கீரை அறுப்புக்கு வந்ததும், 'தினம் இவ்வளவு கீரை சாப்பிடுகிறோமே, மாத்திரை எதற்கு?' என்று நானே முடிவு செய்து நிறுத்திவிட்டேன். அத்தையிடமும் சொல்லவில்லை, இவரிடமும் சொல்லவில்லை. ஒரு மாதத்தில் வரச் சொன்ன டாக்டரம்மாவிடமும் போகவில்லை. காலையில் வெந்தயக் கீரைச் சப்பாத்தி, மத்தியானம் பாலக்கீரை மசியல், ராத்திரி சக்கரவர்த்திக் கீரைக் கூட்டு. சாப்பிட்ட கையோடு ஒரு டம்ளர் டிகிரி காப்பி. எனக்கு ரத்தம் ஊறிக்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தை மாதத்தில் ஒரு நாள் காலையில் பாத்தியில் குனிந்து நிமிர்ந்தவள், அப்படியே மயங்கி விழுந்தேன். குழந்தை கையில் இல்லை. அந்த மட்டில் தப்பித்தேன். ரத்தம் பார்த்தால் 8.1. மூன்று மாதக் கீரை ஏற்றிக் கொடுத்தது அவ்வளவுதான்!

டாக்டரம்மா போட்ட போட்டை இன்றைக்கும் மறக்க முடியாது. "கீரை சாப்பிடாதேன்னு சொல்லலை. ஆனா, காலியான குதிரை வெறும் சிந்தின நெல்லைப் பொறுக்கியா நிரப்புவே?" என்றார். பிறகு பொறுமையாக விளக்கினார். கீரையில் இருக்கிற இரும்பில் உடம்பு எடுத்துக்கொள்வது கொஞ்சம்தான். பாலக்கில் ஆக்ஸாலிக் அமிலம் வேறு இருந்து தடுக்கிறது. சாப்பாட்டோடு காப்பியும் டீயும் குடித்தால் அந்தக் கொஞ்சமும் போயிற்று. எலுமிச்சை, நெல்லி, கொய்யா மாதிரிப் புளிப்பும் வைட்டமின் சியும் சேர்ந்தால் கூடுதலாக ஏறும். சோகை வராமல் காக்கக் கீரை உதவும். இவ்வளவு இறங்கிய பிறகு மாத்திரைதான் ஏற்றும். மலம் கறுப்பது மாத்திரையின் குணம், பயப்பட ஒன்றுமில்லை. வயிறு பிடித்தால் நிறுத்தக் கூடாது, டாக்டரிடம் வந்து சொல்ல வேண்டும்.

எல்லாம் சொல்லிவிட்டு, "தோட்டத்திலே செருப்புப் போட்டுக்கிட்டுத்தானே நிக்கறே?" என்று கேட்டார். நான் விழித்தேன். மண்ணை மிதிக்கும்போது செருப்பா? பிறந்ததிலிருந்து வயல் வரப்பில் வெறுங்காலோடு திரிந்தவள் நான். அத்தைக்குச் செருப்பே கிடையாது. மலம் கலந்த ஈர மண்ணில் கொக்கிப் புழுவின் குஞ்சுகள் இருக்கும். வெறுங்காலின் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்க் குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும். வருஷக் கணக்கில் இருக்கும் என்றார். மலப் பரிசோதனையில் எனக்கு அது இருந்தது. ஊரிலிருந்தே சுமந்துகொண்டு வந்திருக்கிறேன். அத்தைக்கும் இருந்தது. இரண்டு பேரும் பூச்சி மருந்து சாப்பிட்டோம். அத்தைக்கு இது பெரிய அவமானமாகப் போய்விட்டது. இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "இத்தனை வருஷமா நான் சமைச்சுப் போட்டு, அது தின்னுகிட்டு இருந்திருக்கு" என்று மட்டும் சொன்னார். அன்றைக்குச் சாயங்காலம் இவர் இரண்டு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கி வந்தார்.

அதற்குப் பிறகு மாத்திரையை ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் போட்டுக்கொண்டேன், வயிற்றுக்கு ஒத்துக்கொண்டது. கீரைக்கு எலுமிச்சம்பழம் பிழிந்தேன். காப்பி, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளிப் போயிற்று (இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது). சித்திரையில் 11.2. அரிசி மெல்லுகிற ஆசையே போய்விட்டது.

அந்தத் தை மாதத்தில் தோட்டத்துக்கும் ஒரு கண்டம் வந்தது. ஒரு வாரம் விடாத மூடுபனி. பிறகு ஒரு ராத்திரி வானம் பளிச்சென்று தெளிந்தது. நமக்குச் சந்தோஷமாக இருக்கும், ஆனால் உறைபனி விழுவது அந்த மாதிரி ராத்திரியில்தான். பீஜி சாயங்காலமே எல்லாப் பாத்திக்கும் தண்ணீர் விடச் சொன்னார். ஈர மண் பகல் சூட்டைக் கொஞ்சம் பிடித்து வைக்கும். அத்தை தம்முடைய பழைய சுங்குடிப் புடவைகள் இரண்டைப் பட்டாணிக் கொடி மேல் குச்சி நட்டுப் போர்த்தினார். விடிந்து பார்த்தால் புடவையின் மேல் வெள்ளை வெளேரென்று உப்புப் பூத்த மாதிரி பனி. மூடாமல் விட்ட தக்காளி இரண்டும் கருகிக் கறுத்துப் போயிருந்தன. பட்டாணி பிழைத்தது. காலிபிளவரும் கீரையும் அசையவே இல்லை. காரட்டோ அந்தக் குளிருக்குப் பிறகுதான் தித்திப்பு ஏறியது. மூன்று கால் காரட் எல்லாவற்றையும் துருவி அல்வா கிளறினோம். துருவின பிறகு கால் எத்தனை என்று யாருக்குத் தெரியும்?

மாசியில் அசுவுணி வந்து காலிபிளவர் இலையில் அப்பியது. பீஜி வீட்டு அடுப்புச் சாம்பலைக் காலைப் பனி ஈரத்தில் தூவினோம், முக்கால்வாசி போயிற்று. மிச்சத்தைச் சோப்புத் தண்ணீரில் துடைத்தோம். அதற்கு மேல் மருந்து எதுவும் அடிக்கவில்லை. கீரையை மட்டும் மூன்று தண்ணீரில் அலசாமல் அடுப்பில் ஏற்ற மாட்டேன். எவ்வளவு சுத்தமாக விளைந்தாலும் சரி.

டில்லியில் இருந்த வரை அந்தக் கணக்கு மாறவில்லை. இவர் ஓய்வு பெற்ற பிறகு கும்பகோணத்துக்கு வந்துவிட்டோம். இங்கே வந்து டில்லி ஞாபகத்தில் நவராத்திரிக்கு விதை போட்டேன் பாருங்கள், ஐப்பசி அடைமழையில் அத்தனையும் அடித்துக்கொண்டு போயிற்று! அத்தை அப்போது இருந்தார். சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. "ஊருக்கு ஊர் பட்டம் உண்டுடி" என்றார். நம் பக்கம் நவராத்திரிக்குப் பாத்தியை மட்டும் ஒரு சாண் உயர்த்தி, எரு போட்டுத் தயார் செய்து வைக்க வேண்டும். முள்ளங்கி, பீட்ரூட், சிறுகீரை, வெந்தயக் கீரை எல்லாம் மழை தணியும் கார்த்திகைக் கடைசியில் விதைத்தால் தை, மாசி முழுக்கக் கிடைக்கும். முட்டைக்கோஸ் நாற்றை மழைக்கு ஒதுக்கிச் சட்டியில் விட்டு வைத்து அப்போது நடலாம். தலை சிறியதாக இருந்தாலும் கட்டும். கொடி அவரைக்கு மட்டும் ஆடிப் பட்டமேதான். எத்தனை சீக்கிரம் கொடி ஓடினாலும் பகல் குறுகிய பிறகுதான் பூக்கும், மார்கழியில் பந்தல் கொள்ளாமல் தொங்கும். காரட் விரல் கனத்துக்கு மேல் எனக்கு வந்ததில்லை. பட்டாணியும் ஸ்னோபாலும் டில்லியோடு போயிற்று. அதில் எனக்குக் கொஞ்சம் குறைதான்.

மொட்டை மாடியில் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கீரைக்கு அரையடி ஆழம் போதும், முள்ளங்கிக்கு ஓரடி வேண்டும். அடியில் ஓட்டை இல்லாத தொட்டி எதற்கும் உதவாது. நோய்டாவில் இருக்கும் என் பெண் பால்கனியில் நாலு தொட்டி வைத்து வெந்தயமும் பாலக்கும் போடுகிறாள். பால்கனி தெற்குப் பார்த்தது. அதைக் கேட்டுக்கொண்ட பிறகுதான் அந்த வீட்டுக்குச் சரி என்றேன். இந்த வருஷமும் தசராவுக்கு முதல் நாள் போன் செய்து, "அம்மா, விதை போட்டாச்சு" என்றாள். நான் கேட்டது வேறு. போன தடவை அவளுக்கு ஹீமோகுளோபின் பத்தரை என்று வந்திருந்தது. "மாத்திரை?" என்றேன். "போட்டுக்கறேன். காப்பியும் தள்ளித்தான் குடிக்கறேன். போதுமா?" என்றாள்.

இங்கே கொல்லைக் கதவருகில் இப்போது மூன்று ஜோடி ரப்பர் செருப்பு கிடக்கிறது. ஒன்று என்னுடையது, ஒன்று இவருடையது, ஒன்று லீவுக்கு வரும் பேத்தியுடையது. அத்தையின் களைக்கொத்துக்கு இந்த வருஷம்தான் புதுப் பிடி போட்டேன்.